வரவுக்கு ஒரு கையெழுத்து

ஜூலை 4

நான் பல் பிடுங்கப் போன நேரம் பார்த்து ஆசிரியர் கூட்டம் நடத்தி, மாணவர் பேரவைக்கு இந்த வருஷ ஆலோசகர் நான்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். வராதவர் தலையில் கட்டுவது இந்தக் கல்லூரியின் வழக்கம். போன வருஷம் இயற்பியல்காரர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனபோது அவர் தலையில் கட்டினோம். அன்றைக்கு நானும் கை தூக்கியவள்தான். அதனால் புலம்பவும் வழியில்லை. வாய் வேறு வீங்கியிருக்கிறது.

இயற்பியல்காரர் இன்று ஒரு செருப்பு டப்பாவைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "இதுதான் கணக்கு. பரம்பரையா வருது" என்றார். திறந்தேன். பில்கள், பஸ் டிக்கெட்டுகள், மை அழிந்த சீட்டுகள், யாரோ பாதி தின்று மடித்து வைத்த மிட்டாய். தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். மக்கிப்போன இலை எனக்குப் பழக்கம். மக்கிப்போன கணக்கை இப்போதுதான் பார்க்கிறேன்.

முதல்வர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ஜனவரியில தணிக்கை. இந்தத் தடவையும் டப்பாவைத் தூக்கிட்டு வந்தா, பேரவைப் பணத்தை ஆபீஸ் எடுத்துக்கும். ஒரு பந்து வாங்கணும்னாலும் பசங்க இங்க வந்து வரிசையில நிக்கட்டும்." அவர் குரல் ஏறவே ஏறாது. அதுதான் பயமாக இருக்கிறது.

மூக்குக்கண்ணாடிக் கடையைச் சாத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பல்லு போச்சு, பதவி வந்துச்சு. லாபமா நஷ்டமா?" என்கிறார். சூப் மட்டும்தான் இறங்கியது.

ஜூலை 9

பேரவையின் புதுப் பொருளாளர் வந்து நின்றாள். மூன்றாம் வருஷம், புள்ளியியல். கையில் ஒரு லேப்டாப். மூடி கழன்று விழாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்டு போட்டிருக்கிறாள்.

"மேடம், அந்த டப்பா…"

"எடுத்துட்டுப் போம்மா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எடுத்துக்கொண்டு கிளம்புவாள் என்று பார்த்தால், உட்கார்ந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதினாள். 'செருப்பு டப்பா ஒன்று, உள்ளே கசங்கிய பில்கள், பாதி மிட்டாய் உட்பட, பெற்றுக்கொண்டேன்.' தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு நீட்டினாள். கிண்டல் பண்ணுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

எல்லாரும் அவளை ரசீது என்றுதான் கூப்பிடுகிறார்களாம். கேன்டீனில் ஒரு டீ குடித்தாலும் ரசீது கேட்பாளாம். "உனக்குக் கோபம் வராதா?" என்று கேட்டேன். "நல்ல பேர்தானே மேடம்" என்றாள்.

பிறகு அவளாகவே சொன்னாள். அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. இவள் இங்கே சேர்ந்தபோது பேரவைக் கட்டணத்துக்காக அந்த மாதம் முழுக்க இரண்டு ஷிப்ட் பார்த்திருக்கிறார். "அந்தக் காசை வச்சு என்னடி பண்ணுவாங்கன்னு அம்மா கேட்டாங்க மேடம். எனக்குத் தெரியல. பேரவை ரூம்ல போய்க் கேட்டேன். இந்த டப்பாவைக் காட்டினாங்க." அதைச் சொல்லித்தான் தேர்தலில் நின்றாளாம். உங்க காசு எங்க போகுதுன்னு உங்க போன்லயே பார்ப்பீங்க. இது ஒன்றுதான் வாக்குறுதி. ஜெயித்துவிட்டாள்.

அந்தச் சீட்டைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 21

ரசீது கட்டிய முறையை இன்று காட்டினாள். கேட்டுவிட்டுச் சும்மா தலையாட்டலாம் என்று போனவள், கடைசியில் கேள்வி மேல் கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஒரு பக்கம். யார் போனிலும் திறக்கும். நாடகம், வானியல், மலையேற்றம், சதுரங்கம் என்று ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிக் கணக்கு. வங்கியில் இருப்பது எல்லாருக்கும் பொதுவான ஒரே கணக்குதான். அதில் யாருக்கு எவ்வளவு என்பது இந்தப் பக்கத்தில் தெரியும். பணம் வேண்டுமென்றால் எதற்கு, எவ்வளவு என்று குழுத் தலைவர் எழுத வேண்டும். முதலில் ரசீது பார்த்து 'சரி' போடுவாள். பிறகு நான். இரண்டு 'சரி' விழுந்தால்தான் காசு. வாங்கியதும் பில்லைப் படம் எடுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வரி சிவப்பாகி உட்கார்ந்துகொள்ளும், அடுத்த விண்ணப்பம் திறக்காது. கெஞ்சினாலும் திறக்காது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது. என்னிடம் கெஞ்சினால் நான் திறந்துவிடுவேன்.

"தப்பா எழுதிட்டா எப்படி அழிக்கறது?" என்று கேட்டேன்.

"அழிக்கறதுக்கு வழியே வைக்கல மேடம். தப்பு இருக்கட்டும். கீழே இன்னொரு வரியில, இது தப்பு, சரியானது இதுன்னு எழுதுவோம்."

"எல்லாரும் பார்ப்பாங்களே?"

"பார்க்கத்தானே மேடம்."

நாங்கள் அந்த வயதில் கல்லூரிக் கணக்கு என்றால் தலைவன் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்துக் கொடுப்பதுதான். இவள் எங்கிருந்து வந்தாள்?

ஆகஸ்ட் 6

குழுத் தலைவர்களுக்கு இன்று பயிற்சி. நிஜப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்து, இதில் என்ன வேண்டுமானாலும் எழுதிப் பழகுங்கள் என்று விட்டாள். வானியல் குழு 'நிலா, ஒன்று' வாங்க விண்ணப்பித்தது. நான் 'சரி' போட்டேன். பில் வராததால் அந்த வரி சிவப்பானது. வயிறு வலிக்கச் சிரித்தோம்.

நாடகக் குழுத் தலைவன் மட்டும் வரவில்லை. ஒத்திகையாம். அவனுக்கு இடி என்று பெயர், குரலுக்காக. அவன் ஒத்திகை பார்த்தால் என் வகுப்பில் பாடம் நடக்காது. "நானே போட்டுப் பார்த்துக் கத்துக்கறேன்"னு சொல்லி அனுப்பினானாம்.

ஆகஸ்ட் 14

ஆய்வகத்தில் பிள்ளைகள் தண்டை வெட்டுகிறேன் என்று விரலை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள், ஒப்புதல் கேட்டுப் போன் விடாமல் அடிக்கிறது. சரி, சரி, சரி. எல்லாத்துக்கும் சரி.

செப்டம்பர் 2

அதிசயம். முதல் வருஷப் பையன் ஒருவன் நடைபாதையில் என்னை நிறுத்தி, "மேடம், சதுரங்கக் குழு கடிகாரம் வாங்கியிருக்கே, அதைவிடக் குறைஞ்ச விலைக்கு எங்க தெருவுலயே கிடைக்குது" என்றான். போன வருஷம் இப்படி யாராவது கேட்டிருப்பார்களா? எதைப் பார்த்துக் கேட்பார்கள்? மிட்டாயையா?

ரசீதிடம் சொன்னேன். அவள் அதைவிட ஒரு புதிர் வைத்திருக்கிறாள். இந்த நேரத்தில் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று மேலே ஓரத்தில் தெரியுமாம், யார் என்று தெரியாதாம். காலையில் அவள் திறக்கும் போதெல்லாம் ஏற்கனவே ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாராம். விடுமுறை நாளிலும்.

"வானியல் பசங்களா இருக்கும்" என்றேன். "அவங்கதான் தூங்கறதே இல்லையே."

அக்டோபர் 10

நாடகக் குழு டிசம்பரில் ஊர் மன்றத்தை வாடகைக்கு எடுக்கிறது. முன்பணம் இருபதாயிரம், விளக்குகளுக்கு எட்டாயிரம். பெரிய தொகைதான். ஆனால் அவர்கள் கணக்கில் நாற்பதாயிரம் இருப்பு காட்டுகிறது. ரசீது 'சரி' போட்டிருந்தாள், நானும் போட்டேன். இடி நேரில் வந்து நன்றி சொன்னான். ஜாடியில் வைத்திருக்கும் மாதிரிகள் எல்லாம் அதிர்ந்தன.

வீட்டுக்காரர், "எனக்கு ரெண்டு டிக்கெட் வாங்கி வை. முன்வரிசை வேண்டாம், காது பத்திரம்" என்றார்.

நவம்பர் 27

இன்னிக்கு நிதானமா எழுத வராது.

வங்கி விவரம் வந்துடுச்சு. அது ஆபீஸ் வழியாத்தான் வரணும், அவங்க பருவத்துக்கு ஒரு தடவைதான் குடுப்பாங்க. ரசீது இன்னிக்குத்தான் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தா. நம்ம பக்கத்துல இருக்கற மொத்தத்துக்கும் வங்கியில இருக்கறதுக்கும் நாற்பதாயிரம் இடிக்குது. சுளையா நாற்பதாயிரம்.

அவ ரப்பர் பேண்டை எடுத்து மாட்டி, எடுத்து மாட்டி — அதையே பண்ணிட்டிருந்தா. எனக்கு அதைப் பார்க்கத்தான் முடியல.

நவம்பர் 28

கண்டுபிடித்துவிட்டோம். இன்று நிதானமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 14. நாடகக் குழு வரவு: 'நன்கொடை, ஒரு வள்ளல், நாற்பதாயிரம்.' ஒப்புதல்: ஆலோசகர். அதாவது நான். தண்டு வெட்டிய அதே நாள். சரி, சரி, சரி.

இடியைக் கூப்பிட்டோம். பயிற்சிக்கு வராத மகாராஜா, தானே கற்றுக்கொள்கிறேன் என்று பழகிப் பார்த்தது நிஜப் பக்கத்தில். பயிற்சி நகல் என்று நினைத்தானாம். அழிக்கப் பார்த்திருக்கிறான், வழியில்லை. விட்டுவிட்டான், மறந்தும்விட்டான். அக்டோபரில் இருப்பைப் பார்த்து, "பேரவை நமக்கு இந்த வருஷம் நல்லா ஒதுக்கியிருக்குன்னு நெனச்சேன் மேடம். நீங்களே சரி போட்டிருந்தீங்க." முதன்முறையாக அவன் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

ரசீது அந்த வரியை அப்போதே பார்த்திருக்கிறாள். மேடம் விசாரித்துத்தான் போட்டிருப்பார் என்று விட்டிருக்கிறாள். நானோ ரசீது விடாமல் துருவியிருப்பாள் என்று இருந்தேன். நான் அவளை நம்பினேன், அவள் என்னை நம்பினாள், அந்த இடைவெளியில் ஒரு வள்ளல் நுழைந்துவிட்டார்.

"செலவுக்கு ரெண்டு பேர் சரி போடணும்னு வச்சேன். வரவுக்கு ஒருத்தர் போதும்னு நான்தான் வச்சேன்" என்றாள் ரசீது. "காசு போறதுலதானே தப்பு நடக்கும்னு பார்த்தேன். வராத காசை யாரு வந்ததா எழுதுவாங்கன்னு தோணவே இல்ல மேடம்."

போன இருபத்தெட்டாயிரம் யாருடையது? எல்லாருடையதும். நாடகக் குழுவின் சொந்தப் பங்கு முன்பே தீர்ந்திருந்தது. ஜனவரி கடைசியில் மலையேற்றக் குழு பஸ் பிடிக்க வைத்திருக்கும் காசும் அதில்தான் இருக்கிறது. தணிக்கையும் அதே ஜனவரி. முதல்வருக்கு இனி டப்பாகூடத் தேவையில்லை.

எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். இடி போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நான் கேட்டேன்: "அந்த ஒரு வரியை எப்படியாவது எடுத்துட முடியாதாம்மா? நீதானே கட்டினே." அவளுக்காகக் கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். என் பேரும் அந்த வரியில் இருக்கிறது.

ரசீது என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. "முடியும் மேடம். எடுத்துட்டா அப்புறம் அம்மாகிட்ட என்ன காட்டறது?"

அவள் வயதில் இந்தத் தைரியத்தில் பாதிகூட எனக்கு இருந்ததில்லை. இப்போதும் இல்லை.

நவம்பர் 29

இன்று காலை பக்கத்தில் ஒரு புது வரி.

'ஆகஸ்ட் 14 நன்கொடை நாற்பதாயிரம்: இது வரவே இல்லை. பழகுவதற்காக எழுதியது, நிஜமாகப் பதிவாகிவிட்டது. எழுதியவர்: நாடகக் குழுத் தலைவர். பார்க்காமல் ஒப்புதல் தந்தவர்: ஆலோசகர். வரவுக்கு ஒரே ஒப்புதல் போதும் என்று விதி வைத்தவர், பார்த்தும் கேட்காதவர்: பொருளாளர். நாடகக் குழுவின் இன்றைய இருப்பு: குறைவு இருபத்தெட்டாயிரம்.'

போடும் முன் என்னிடம் காட்டினாள். "பார்க்காமல்" என்ற வார்த்தையில் என் கண் நின்றது. அவள் கவனித்திருப்பாள். "மாத்தணுமா மேடம்?" என்றாள். வேண்டாம் என்றேன். தன் பேருக்குப் பக்கத்தில் இரண்டு குற்றம் எழுதியிருக்கிறவளிடம் என்னுடைய ஒன்றைக் குறைக்கச் சொல்ல எனக்கு எந்த வாய் இருக்கிறது?

மத்தியானத்துக்குள் கல்லூரி முழுக்கப் பரவிவிட்டது. வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "வள்ளல் வந்துட்டாரு." சிரிப்பு. நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? விசித்திரம் என்னவென்றால் யாரும் திட்டவில்லை. மலையேற்றக் குழுத் தலைவி மட்டும் வந்து, "பஸ் கேன்சலா மேடம்?" என்று கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

நாளைக்கு முதல்வரைப் பார்க்கப் போகிறோம்.

நவம்பர் 30

இன்று நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் எழுதிவிட வேண்டும்.

முதல்வர் அறையில் நான், ரசீது, இடி. நான் ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"படிச்சேன். அந்த வரவையும் ஆகஸ்ட்லயே பார்த்தேன். நான் தினம் காலையில எழுந்ததும் உங்க பக்கத்தைத்தான் பார்க்கறேன்."

வானியல் பசங்க இல்லை. இந்த மனுஷன்தான்.

"இந்தக் காலேஜுக்கு ஒரு வள்ளல் வந்தா முதல்ல என் ரூமுக்குத்தான் வருவார். அப்பவே சந்தேகம். நீங்க என்ன பண்றீங்கன்னு பார்ப்போம்னு இருந்தேன். மறைக்கறீங்களா, சொல்றீங்களான்னு." தலையை ஆட்டி, "சொல்லிட்டீங்க. நல்லது" என்றார். பெரிய மனசு பண்ணி மன்னித்த தோரணை. எனக்கு உயிர் வந்தது. கும்பிடு போட்டுவிட்டு வெளியே ஓடிவிடலாம் என்று எழுந்தேவிட்டேன்.

ரசீது எழுந்திருக்கவில்லை.

"சார், ஆகஸ்ட்லயே பார்த்தீங்களா?"

"ஆமா."

"அப்பவே சொல்லியிருந்தா அக்டோபர்ல அந்த இருபத்தெட்டாயிரம் போயிருக்காதே சார்."

நான் திரும்ப உட்கார்ந்து மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். மிதித்தது இடியின் காலை. அவன் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டான்.

"எல்லாரும் பார்க்கணும்னு திறந்து வச்சது வேடிக்கைக்கு இல்ல சார். பார்த்தவங்க சொல்லுவாங்கன்னுதான். பசங்களுக்குப் புரியாம விட்டிருக்கலாம். உங்களுக்குப் புரிஞ்சுது. புரிஞ்சும் எங்களுக்குப் பரீட்சை வச்சீங்க. அது எங்க அம்மாங்க காசு சார்."

மரியாதைக் குறைவாக ஒரு எழுத்து இல்லை. குரலும் ஏறவில்லை, அவர் குரல் மாதிரியே. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஆபீஸ், வரிசை, பந்து.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். திரும்பவும் கழற்றினார்.

"நான் சொல்லியிருக்கணும்ங்கற."

"ஆமா சார்."

"அப்ப அதையும் எழுதிடுவியா?"

"எழுதணும் சார்."

"வேணாம்னு சொன்னா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது, அப்போதும் எழுதுவேன் என்று சொல்லவும் பயம். இருபது வயதுப் பெண். கை விரல் ரப்பர் பேண்டைத் தேடுகிறது, லேப்டாப்பை வெளியே வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"எழுதிக்கோ" என்றார் அவர். "ஆனா தணிக்கைக்குள்ள அந்தப் பள்ளம் அடையணும். அடையலைன்னா நான் சொன்னது சொன்னதுதான்."

சாயந்தரம் பார்த்தேன். அந்த வரிக்குக் கீழே இன்னொன்று. 'முதலில் கண்டவர்: முதல்வர். தெரிவிக்கவில்லை.'

வீட்டுக்காரரிடம் இதைப் படித்துக் காட்டியபோது சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்கு எப்பக் கண்ணாடி வேணும்னாலும் நம்ம கடையில இலவசம்" என்றார். அவள் அதற்கும் ரசீது கேட்பாள் என்றேன்.

டிசம்பர் 3

இடி மீதும் எனக்கு மரியாதை வந்துவிட்டது. இதை எழுதுவேன் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

யாரும் சொல்லாமல் தானே போய் ஊர் மன்றத்தை ரத்து செய்திருக்கிறான். பாதிதான் திரும்பத் தருவார்கள், பத்தாயிரம். விளக்குக்காரரிடம் இரண்டு நாள் நடந்து ஆறாயிரம் வாங்கிவிட்டான். இன்னும் பன்னிரண்டாயிரம் பள்ளம். அவனுக்கு அந்த மன்றம் என்றால் உயிர். முதல் வருஷத்திலிருந்து அதன் மேடையில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவன்.

இன்று என்னிடம் வந்து, "மேடம், உங்க தாவரவியல் படிக்கட்டு வகுப்பறை கிடைக்குமா? நாடகத்தை அங்க போடறோம். டிக்கெட் காசுல அடைச்சிடறோம்" என்றான்.

அங்கே மேடை கிடையாது, திரை கிடையாது. உலர்ந்த செடி அலமாரிகளும் குழல் விளக்கும்தான் இருக்கின்றன. சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். நானும் கெட்டுவிட்டேன்.

டிசம்பர் 15

நாடகம் நடந்தது. ஒரு கூட்டம், அப்படி ஒரு கூட்டம். படிகளில் இடமில்லாமல் ஜன்னல் விளிம்பில் எல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். டிக்கெட் விற்ற ஒவ்வொரு முறையும் பக்கத்தில் பதிவாகிறது. இப்போது வரவுக்கும் இரண்டு 'சரி'. ரசீது வாசலில், நான் அவளுக்குப் பக்கத்தில். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டேன். கண் எரிந்தது.

கரும்பலகை ஓரத்தில் நாடகக் குழுவின் இருப்பைப் புரொஜெக்டரில் பெரிதாக விழ வைத்திருந்தார்கள். குறைவு பன்னிரண்டாயிரம் என்று ஆரம்பித்தது. உள்ளே வருகிறவன் எல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறான். ஆயிரம் குறையும் போதெல்லாம் கைதட்டல். நாடகம் தொடங்குவதற்கு முன்பே நாடகம்.

ரசீதின் அம்மா வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். கைகள் தண்ணீரில் ஊறி வெளுத்துப்போயிருந்தன. அவரும் டிக்கெட் வாங்கினார், மகள் ரசீது கொடுத்தாள். பலகையைக் காட்டி, "இது என்ன கணக்கு?" என்று என்னைக் கேட்டார். எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் ரசீது போனைத் திறந்து முதல் வரியிலிருந்து காட்டினாள். விளக்கு, பந்து, கடிகாரம், வள்ளல், எல்லாம். அவர் பொறுமையாகப் பார்த்தார். "உன் தப்பையும் எழுதியிருக்க" என்றார். "ஆமாம்மா." மகள் தோளில் கையை வைத்துவிட்டு மேல் படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

கடைசிக் காட்சியில் ராஜாவாக நடித்த இடி அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்து, தன் வசனத்தை நிறுத்தி, பலகையைத் திரும்பிப் பார்த்தான். சுழியம். அப்புறம் அவன் போட்ட சத்தத்தில் நான் பல் பிடுங்கிய இடம்கூட வலித்தது.

வீட்டுக்காரர் பின்வரிசையில் இருந்தும் தப்பவில்லை.

ஜனவரி 18

தணிக்கையாளர் வந்தார். அரை நாள் ரசீதோடு உட்கார்ந்திருந்தார். வள்ளல் வரியில் ரொம்ப நேரம் நின்றார், அதற்குக் கீழே முதல்வர் பேரைப் பார்த்ததும் தலையைத் தூக்கி அவளை ஒரு பார்வை பார்த்தார். கிளம்பும்போது என்னிடம், "என் சர்வீஸ்ல தப்பைத் தேடித்தான் எடுத்திருக்கேன். வாசல்லயே வச்சிருந்ததை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். குறையா, பாராட்டா? முகம் ஒன்றும் காட்டவில்லை.

ஜனவரி 25

சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். 'மாணவர் பேரவை நிதி பேரவையின் பொறுப்பிலேயே தொடரும்.' ஒரே வரி. நான்கு தடவை படித்தேன். மலையேற்றக் குழு பஸ்ஸுக்கு முன்பணம் கட்டிவிட்டது.

பிப்ரவரி 13

ரசீது அந்தப் பக்கத்தில் புதிதாக ஒன்று சேர்த்திருக்கிறாள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'கேள்வி'. பார்க்கிற யாரும் அழுத்திக் கேட்கலாம், பேர் போட்டுத்தான். பதில் வரும் வரை அது மஞ்சளாக இருக்கும்.

முதல் கேள்வி இன்று காலை வந்துவிட்டது. பேரவைக் கூட்டத்துச் செலவு வரியில்: 'டீ இருபது. வந்தவர்கள் பதினேழு. ஏன்? – முதல்வர்.'

ரசீதின் பதில்: 'மூன்று பேர் இரண்டு முறை குடித்தார்கள். பெயர் வேண்டுமா சார்?'

'வேண்டாம்.'

அந்த மூன்றில் ஒன்று நான்.

மார்ச் 20

ஆசிரியர் கூட்டம். ஒரு பல் வலித்தது, இருந்தும் போனேன். நமது ஆசிரியர் மன்றச் சந்தா எங்கே வைத்திருக்கிறோம் என்று முதல்வர் கேட்டார். இயற்பியல்காரர் எழுந்து, "ஒரு பிஸ்கட் டின்ல சார்" என்றார். முதல்வர் என்னைப் பார்த்தார். அந்தப் பொண்ணு படிப்பு முடிந்து போவதற்குள் நமக்கும் ஒன்று கட்டித்தரச் சொல்லிக் கேட்க முடியுமா என்றார். "நீங்களே கேளுங்க சார். எனக்குப் பயம்" என்றேன்.

கேட்டிருக்கிறார். வரவுக்கும் செலவுக்கும் இரண்டிரண்டு பேர், அழிக்க வழி கிடையாது, எல்லா ஆசிரியரும் பார்க்கலாம், சம்மதமென்றால் செய்கிறேன் என்றாளாம். சம்மதித்துவிட்டார்.

ஏப்ரல் 11

கடைசி நாள். ரசீது வந்தாள். அடுத்த வருஷப் பொருளாளரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்து முடித்துவிட்டாளாம். கையில் லேப்டாப் இல்லை. செருப்பு டப்பா இருந்தது.

"இதை மறந்தே போயிட்டேன் மேடம். உங்ககிட்டயிருந்து வாங்கினது."

திறந்தேன். காலி. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள். உள்ளே இருந்த பில்களை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துப் பழைய வருஷங்களையும் பக்கத்தில் ஏற்றிவிட்டது எனக்குத் தெரியும். "மிட்டாய்?" என்றேன். "அதையும் எழுதி வச்சிருக்கேன் மேடம். 'பாதி மிட்டாய், சேதம்.'"

நல்லா இரும்மா என்றேன். அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, அம்மாவை இனி ஒரு ஷிப்டோடு நிறுத்தச் சொல்லியிருக்கிறாள், கேட்க மாட்டேன் என்கிறாராம். இருபது வருஷம் சொல்லிக்கொடுக்கிறேன், உன்னிடம் கற்றுக்கொண்ட மாதிரி யாரிடமும் கற்றதில்லை என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்லியும் விட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், காது சிவந்துவிட்டது.

கிளம்புவாள் என்று பார்த்தால் நிற்கிறாள்.

"என்னம்மா?"

"டப்பா வாங்கிக்கிட்டதுக்கு, மேடம்…"

கண்ணாடிக் கூட்டைத் திறந்தேன். ஜூலையில் அவள் எழுதிக் கொடுத்த சீட்டு அப்படியே இருந்தது. அதைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன். 'செருப்பு டப்பா ஒன்று, காலியாக, பெற்றுக்கொண்டேன்.' தேதி போட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டப்பாவுக்குள் இன்னொரு முறை நன்றாகப் பார்த்தேன்.